கராஜில் வார்த்த குண்டுகள்

அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஐம்பது வயதுப் பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னாள்: "போன சனி கராஜில துவக்குக் குண்டு வார்த்தனான்."

"என்னடி விசர்க்கதை?"

"கிளப்பில சுடப் பழகிறன்தானே, லைசென்ஸ் இருக்கு. ஈயத்தை உருக்கி அச்சில ஊத்தினன். முதல் இருபதிலயும் சுருக்கம் விழுந்துபோச்சு. அச்சுக்குச் சூடு காணாதெண்டு பிறகுதான் விளங்கினது. திருப்பி உருக்கி ஊத்தினன், வழுவழுப்பா வந்தது."

"குண்டுக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்."

"ஓம். அதால கிளப்பில முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டனான். நேற்றுப் போட்டியில அஞ்சு வெடியும் நடு வட்டத்துக்குள்ள. நான் வார்த்த குண்டுதான்."

ஹாண்ட்பாக்கிலிருந்து இலக்குத் தாளை எடுத்து விரித்தாள். ஐந்து வெடிக்கும் ஒரே ஓட்டைதான் இருந்தது. தோழி அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"வாற சனி கராஜுக்கு நானும் வாறன்" என்றாள்.