கம்பியை விட்ட கை

இந்த அறுப்பின் பண்டிகை மேடைக்குத் தலைமை தாங்கி, பேச எழுந்தவனைக் கனிவோடு பார்க்கிற, கூடவே கைக்கடிகாரத்தையும் பார்க்கிற ஆயர் ஐயா அவர்களே! மண்ணுக்கடியில் வியர்வை சிந்தி மண்ணுக்கு மேலே சபை வளர்த்த மூப்பர்களே! ஆலமரத்தடியில் வெயிலைப் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் முகம் காட்டும் பிள்ளைகளே! மாரிகுப்பத்து மக்கள் அனைவருக்கும் இந்த டைட்டஸின் தோத்திரம்.

எனக்குத் தேதி எழுதத் தெரியாது. ஆனால் வருஷம் தவறாது. இந்தியா கிரிக்கெட்டில் முதல்முறையாக உலகக் கோப்பையை வென்ற வருஷம் அது. மறுநாள் காலை பொடியன்கள் வெடித்த வெடியைக் கேட்டு, தங்கச் சுரங்கத்துக்குள் பாறைதான் வெடித்துவிட்டதென்று நம் பெண்கள் கரண்டியோடும் துடைப்பத்தோடும், ஆட்கள் இறங்கி ஏறுகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினார்களே, அந்த வருஷம். சிரிக்கிறீர்களா, லூயிசாம்மா? முதல் ஆளாக ஓடியது நீங்கள்தானே!

அதே வருஷம், ஒன்றரை மாதம் கழித்து, பகல் ஷிஃப்ட் முடிந்து, மேலே வர இரும்புக் கூண்டில் ஏறினோம் நான்கு பேர். நான் கூண்டின் மணிக்காரன். பாலகாட் குடியிருப்பு வெங்கடசாமி, மரவேலை செய்பவர், நெற்றியில் விபூதி வைக்காமல் கீழே இறங்காதவர். ஃப்ரெடி, வாய் ஓயாதவன். நான்காவது ஆள் சிரில், இருபத்தாறு வயது, அடுத்த மாதம் கல்யாணம். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு. வேலை போய்விடுமென்று டாக்டரிடம் மறைத்திருந்தான்.

இளைஞர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கூண்டை மேலே இழுக்கிற என்ஜின் டிரைவருக்கு நம் முகம் தெரியாது, ஆழம் தெரியாது, அழுகை கேட்காது. அவருக்குத் தெரிவதெல்லாம் மணி ஒன்றுதான். கூண்டோரம் தொங்குகிற கம்பியை நான் இழுத்தால் அவர் அறையில் மணி அடிக்கும். ஒரு மணி, நில். மூன்று மணி, மேலே இழு. மணி சொன்னால் அவர் கேட்பார். எங்களுக்கும் ஒரு கட்டளை உண்டு: நடுவழியில் கூண்டு நின்றால் கம்பியைத் தொடாதே, மேலே காரணம் இருக்கும், மேலிருந்து அழைப்பு வரும்வரை காத்திரு. பதினோரு வருஷம் இதைப் புது ஆட்களுக்கு நான் போதித்தேன். போதித்தவன் யார்? இந்த டைட்டஸ்! போதித்ததை மறந்தவன் யார்? அதையும் கேளுங்கள்.

பாதி வழியில் கூண்டு நின்றது. மேலும் இருள், கீழும் இருள், சுற்றிலும் சூடு. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. அழைப்பு இல்லை, அசைவு இல்லை. ஃப்ரெடி முதலில் கேலி பேசினான்: “டிரைவர் டீ குடிக்கப் பூட்டாருடா, பன்னு வாங்கிகினு வருவாரு.” பிறகு அவனும் அடங்கினான். அப்போதுதான் கேட்டது, சிரிலின் மூச்சு. விசில் போல, விரிசலுக்குள் காற்று புகுவது போல. என் மடியில் சாய்ந்து, சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

“மூச்சு இல்லண்ணா. அட்ச்சிடுண்ணா. மூணு மணி அட்ச்சிடு.”

“இன்னாத்துக்கு யோசிக்கிற? புள்ள சாவறான், அடி!” என்று ஃப்ரெடி கத்தினான்.

நான் என்ன செய்தேன்? ஜெபித்தேன். வீட்டுக் கூட்டங்களில் கண்ணீர் வரவழைக்கிற ஆள் அல்லவா நான்! “ஆண்டவரே, எங்களை ஒப்புக்கொடுக்கிறேன்! என் சித்தமில்லை, முழுசா ஒப்புக்கொடுக்கிறேன்!” என்று ஷாஃப்ட்டே அதிர ஜெபித்தேன். வெங்கடசாமி ஹெல்மெட் விளக்கை என் பக்கம் திருப்பினார்.

“ஒப்புக்குடுத்துட்டேன்னு பத்து தபா சொல்லிட்டண்ணா. கை மட்டும் இன்னாத்துக்குக் கம்பிலயே கீது?”

பார்த்தேன். என் வலது கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. ஜெபம் தொடங்கியபோது பிடித்தது. பிடித்தது எனக்கே தெரியாது. சபையாரே, அதுதான் என் வாழ்க்கையின் உண்மையான ஜெபம்! வாய் சொன்னதை அல்ல, கை சொன்னதைக் கேட்டால் என் விசுவாசம் என்னவென்று தெரிந்துவிடும். “நீர் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே; நீர் தாமதித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.” இதுவா கீழ்ப்படிதல்? இதுவா அர்ப்பணிப்பு?

கையை எடுத்தேன். ஒவ்வொரு விரலாக எடுத்தேன். எடுத்தவுடன் சமாதானம் வெள்ளமாகப் பாய்ந்ததென்று இந்த மேடையில் பொய் சொல்லமாட்டேன். பயம்தான் வந்தது. மடியில் ஒரு தாயின் பிள்ளை திணறுகிறான். என் கை சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா இருந்த கையைப் போலக் கனமான பாரத்தை நான் தூக்கியதே இல்லை. அந்தக் கையால் சிரிலின் முதுகைத் தடவினேன். “என்கூட மூச்சு வுடுடா, மெதுவா, என்கூட” என்றேன். வெங்கடசாமி ஹெல்மெட்டைக் கழற்றி விசிறினார். ஃப்ரெடி, வாய் ஓயாத ஃப்ரெடி, ஞானப்பாட்டு ஒன்றை அடித்தொண்டையில் முனகினான். ராகம் தப்பு, வார்த்தை தப்பு, ஆனால் அன்றைக்கு அதைவிட நல்ல பாடகர் குழுவை நான் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம்! பிறகு கூண்டு அசைந்தது, நத்தையைப் போல. கொஞ்ச தூரம் ஏறியதும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம்: கூண்டை வழிநடத்துகிற பெரிய மரக்கட்டை ஒன்று பிளந்திருந்தது. பாதைக்குக் குறுக்கே நின்றதை அப்போதுதான் அறுத்திருக்கிறார்கள். வெட்டுமுனை வெள்ளையாக, பச்சை மர வாசத்தோடு, என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

மேலே வந்ததும் சிரிலை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் என்ஜின் அறைக்குப் போனேன். டிரைவர் சைலஸ் அண்ணன் பிரேக்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “கட்டை ஒடியற சத்தம் கேட்டு மேல இருந்த ஆளு ஒரு மணி அடிச்சான், நிறுத்திட்டேன். அப்புறம் ஒரே வேண்டுதல்டா, கீழேந்து மூணு மணி வரக்கூடாதுன்னு. வந்திருந்தா இழுத்திருப்பேன். மணிக்கு நான் கீழ்ப்படியணும், அதுதான் என் வேலை.”

இழுத்திருந்தால்?

அன்பானவர்களே, கம்பியை விட்டவர்கள் எல்லாரும் உயிரோடு மேலே வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நம் கல்லறைத் தோட்டம் அப்படிச் சொல்ல என்னை விடாது. என்னைவிட உண்மையாக ஜெபித்த நேசமணி இன்னொரு விபத்தில் கீழேயே தங்கிவிட்டான். கடவுளிடம் ஒப்புக்கொடுப்பது பேரம் அல்ல. எனக்குத் தெரியாத கட்டை பாதையில் இருக்கிறது. அது அவருக்குத் தெரிகிறது. இந்த நம்பிக்கை போதும் என்று கையைத் திறப்பதுதான் ஒப்புக்கொடுப்பது. நாம் என்ன செய்கிறோம்? மகள் கல்யாணத்தைக் கர்த்தரிடம் வைத்துவிட்டேன் என்கிறோம். ஆமென் சொன்ன வாய் மூடுமுன் புரோக்கருக்குப் போன் போடுகிறோம். என்ன, அந்தப் பக்கம் தலை குனிகிறது? குனிய வேண்டாம் ஐயா, நானும் போட்டவன்தான்! மகனை ஒப்புக்கொடுத்தேன் என்கிறோம். அவன் ஊழியத்துக்குப் போகிறேன் என்றால் ஒரு வாரம் சோறு இறங்காது. திறந்த கை திரும்ப மூடும், தினமும் மூடும். தினமும் திறப்போம்! பயந்துகொண்டே திறப்போம்! திறந்த கைதான் பக்கத்தில் இருப்பவன் முதுகைத் தடவும். திறந்த கைதான் அவர் தருவதை வாங்கும்!

ஆயர் ஐயா எழுந்துவிட்டார், முடிக்கிறேன். பந்தல் போட்டவர்களுக்கும், பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நன்றி. கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்கட்டும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து சொல்லப்போகிற பெயருக்குப் பிறகு எனக்குப் பேச்சு வராது. சைலஸ் அண்ணன் போய்விட்டார். ஃப்ரெடி போய்விட்டான். வெங்கடசாமியைப் பங்காருபேட்டையில் போன மழைக்காலத்தில் வழியனுப்பினோம். அந்தக் கூண்டில் ஏறியவர்களில் என்னைத் தவிர இன்னும் மூச்சு விடுகிறவர் ஒரே ஒருவர். அதோ, பேரப்பிள்ளைகள் நடுவில், நாற்பது வருஷமாக அதே விசில் மூச்சோடு உட்கார்ந்திருக்கிறான், சிரில்.