உரிமையாளர் என்ற கட்டம்

எனக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் வந்தாலே தும்மல், கண்ணில் நீர். பத்தொன்பது வருஷமாக மூக்கைத் துடைத்துக்கொண்டே பூனைகளைக் காப்பாற்றி வருகிறேன். ஊரார் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

நீங்கள் இத்தனை மணி நேரம் கார் ஓட்டி வந்தது, பூனைக்குச் சாப்பாடு போடுகிறவர்களின் அந்தப் பெயர்ப்பட்டியலை ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்குக் கொடுத்தது யார் என்று விசாரிக்கத்தானே? நான்தான். இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். டீயில் பால் போதுமா?

என் பெயர் ரேலீன் டக்வெல். வில்காரா மாவட்டச் சமூகப் பூனை மீட்பு நலக் கூட்டமைப்பின் தலைவி. பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள். மொத்தம் பதினாலு பேர், அதில் இரண்டு கோஷ்டி. பூமியின் இந்தத் தென்கோடியில் செப்டம்பரில் வசந்தம் தொடங்கியதும் குட்டிகள் வர ஆரம்பிக்கும். அட்டைப்பெட்டியில், கோதுமைக் கிடங்குக்குப் பின்னால், ஒருமுறை தபால்பெட்டிக்குள். போன் ஓயாது. "ரேலீன், உன்னை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்பார்கள். பருவத்துக்கு இருநூறு தடவை இதைக் கேட்டுப் பழகியவளுக்கு வேறு போதை தேவைப்படாது. என் கணவர் இருந்த காலம் முழுக்க ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் யாருக்கும் சொந்தப் பூனை கிடையாது. இது உங்களுக்குப் புரிய வேண்டும். வீட்டுக்கு இரண்டுதான் என்பது கவுன்சில் விதி. மூன்றாவதற்கு அபராதம். ஆகவே பின்வாசலில் ஒன்பது பூனைக்குத் தட்டு வைக்கிறவரும், "என் பூனை இல்லப்பா, சும்மா சாப்பாடு போடறேன்" என்பார். குழந்தைகள்கூட அதைச் சொல்லிப் பழகியிருக்கும். இலவசக் கருத்தடை ஆபரேஷனுக்கான விண்ணப்பத்திலோ முதல் கட்டமே 'உரிமையாளர் பெயர்'. அந்த விண்ணப்பத்தைத் தயாரித்தவள் நான். நாலு பக்கம். யாரும் நிரப்பவில்லை. ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஆண்டுக் கூட்டந்தோறும் பேசுவேன். கைதட்டுவார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டாம்சின் ஆட்ஜர்ஸ் என்ற கால்நடை நர்ஸ் இந்த ஊருக்கு வந்தாள். என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து முதல் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். அவ்வளவுதான் அவளுடைய புரட்சி. வீடு வீடாகப் போனாள்.

"யாரோட பூனைன்னு நான் கேக்கவே மாட்டேன். உங்க பேரு, வாசல்ல எத்தனை சாப்பிடுதுன்னு மட்டும் சொல்லுங்க. இந்த லிஸ்ட் என்கிட்டயும் ரேலீன்கிட்டயும்தான் இருக்கும்."

என் பெயரைச் சொன்னதால்தான் கதவைத் திறந்தார்கள். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். மார்ச்சில் ஆபரேஷன் வேன் வந்தது. மூன்றே நாளில் தொண்ணூற்று நாலு பூனைகள்.

அதில் ஏழு, ஆர்ச்சி பென்ஹாலின் வீட்டிலிருந்து வந்தவை. ஆர்ச்சி தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. அந்த ஏழுக்கும் பெயர் கிடையாது. "பேரு வச்சா நம்மளுதுன்னு ஆயிடும்" என்பார். எல்லாவற்றுக்கும் "ஏய், நீ" தான். ஏழும் திரும்பிப் பார்க்கும்.

அடுத்த செப்டம்பரில் போன் அடிக்கவில்லை. பழுதோ என்று கம்பெனிக்காரனை வரவழைத்தேன். பழுதில்லை. பருவம் முழுக்க நாலே குட்டிகள். பதினாலு பேரும் கேக் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். "நாம ஜெயிச்சுட்டோம், ரேலீன்" என்றாள் செயலாளர். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளூர்ப் பத்திரிகையில் டாம்சினின் படம் வந்தது. ஓரத்தில் என் முழங்கையும் வந்திருந்தது.

மறு வருஷம் வேன் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பட்டியலைக் கவுன்சிலில் கொடுத்தேன். சட்டத்தை மறைத்துச் சேவை செய்வது முறையல்ல என்று ஒரு கடிதமும் இணைத்தேன். நல்ல கடிதம். 'பொறுப்புணர்வு' என்ற சொல் மூன்று இடத்தில் வரும். ஆர்ச்சியின் பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். அவரிடம்தான் எண்ணிக்கை அதிகம் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

விலங்குகளைப் பிடிக்கிற கவுன்சில் ரேஞ்சர் ப்ரூஸ்டர் ஆர்ச்சி வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். தெரிந்த முகம் இருந்தால் பெரியவர் பதற மாட்டார் என்று பட்டது.

ப்ரூஸ்டர் கெட்டவனில்லை. "ஆர்ச்சி, இதெல்லாம் உங்க பூனையா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றான்.

ஆமாம் என்றிருந்தால் இரண்டை அவர் பெயரில் பதிந்துவிட்டு, மற்ற ஐந்துக்கும் இடம் பார்க்க ஒரு மாதம் கொடுத்திருப்பான். இல்லை என்றால் தெருப்பூனை. கவுன்சிலின் பிராணிக் கொட்டடியான பவுண்டில் நாலு நாள் வைத்திருந்து, யாரும் கேட்டு வராவிட்டால் மரண ஊசி. ஆர்ச்சிக்கு இது தெரியாது. எனக்கு மனப்பாடம். அவர் என்னைப் பார்த்தார். ஒரு தலையசைப்புப் போதும். எனக்குத் தும்மல் வந்தது. கைக்குட்டையை எடுத்து, வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முகத்தை மூடிக்கொண்டேன்.

"என் பூனை இல்லப்பா. சும்மா சாப்பாடு போடறேன்" என்றார்.

ஏழு கூண்டுகள். "ஏய், நீ" என்று அவரையே கூப்பிட வைத்துப் பிடித்தான், சிரமமே இல்லை. நாலாம் நாள் எல்லாம் முடிந்தது. ஏழின் காதிலும் ஆபரேஷன் ஆனதற்கான பச்சை குத்தியிருந்தது. அவற்றால் இந்த ஊருக்கு இனி ஒரு குட்டிகூட வந்திருக்காது. நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்.

அதன்பின் டாம்சினுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. "காட்டிக்குடுத்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிடி வாசல்ல வந்து நிக்கிற?" என்று பேக்கரிக்காரி கேட்டாளாம். வேன் மூன்று நாள் நின்றது. ஆறு பூனைகள்.

"நீங்க குடுக்கலையே, ரேலீன்?" என்று டாம்சின் என்னிடம் கேட்டாள்.

"சேச்சே. கவுன்சில்ல கம்ப்யூட்டர் இருக்கும்மா, அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

யாரும் என்னிடம் கேட்கவில்லை என்று முதலில் சொன்னேன், இல்லையா? அதிகாரபூர்வமாக என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் அவள் ஊரை விட்டுப் போனாள். வழியனுப்பு உரை நான்தான். பதினோரு நிமிஷம். கடைசியில் எனக்கே கைக்குட்டை தேவைப்பட்டது.

போன செப்டம்பரில் நூற்று முப்பது குட்டிகள். பாதிதான் பிழைத்தன. போன் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் தூங்க முடிந்தது. ஜனவரியில் மாவட்டத்தின் சிறந்த குடிமகள் விருது கொடுத்தார்கள். அதோ, மாட்டியிருக்கிறேன். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

விருதுக்கு முன்பே, நவம்பரில், ஆர்ச்சிக்கு ஒரு குட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பின்வாசலில் ஏழு தட்டுகளும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன.

"இது யாரோடது?" என்று கேட்டார்.

"நீங்க கையெழுத்துப் போட்டா உங்களோடதுதான்."

தத்தெடுப்பு விண்ணப்பத்தில் உரிமையாளர் கட்டத்தைப் பார்த்ததும் பேனா நின்றது. பிறகு முழுப் பெயரையும் எழுதினார். குட்டியின் பெயர் 'மேவிஸ்' என்றும் எழுதினார். தெருப்பக்கம் திரும்பி, யாருமே இல்லாத தெருவில், "என் பூனைதான். என்னோடதேதான்" என்றார். என் கையைப் பிடித்து, "ஏம்மா ரேலீன், உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

ஆபரேஷனுக்கு வயது வந்ததும் நானே அழைத்துப் போகிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவரும் மாதாமாதம் போன் போட்டுக் கேட்கிறார். மார்ச்சிலேயே வந்து போன வேனை, இன்னும் வரவில்லை என்கிறேன். இப்போது ஆகஸ்ட். நேற்று வேலி வழியாக எட்டிப் பார்த்தேன். மேவிஸுக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. பாவம் ஆர்ச்சி, பெரியவருக்கு இதையெல்லாம் சமாளிக்கத் தெரியாது. நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.