தட்டு ஓரத்து அட்டை

…அதத்தான்ணே நானும் கேக்குறேன், பாவம் செஞ்சது ஒருத்தன், தண்டனை இன்னொருத்தனுக்கா? நல்லா சாஞ்சு உக்காருங்க, பஸ்ஸு அலங்காநல்லூர் போக இன்னும் நேரமிருக்கு. பொண்டாட்டியக் கூப்பிடத்தேன் போறேன். பொங்கலுக்கு முன்னாடி ஆத்தா வீட்டுக்குப் போனவ, இன்னும் வரல. அடிதடியெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு அட்டை… அம்புட்டுத்தேன்.

நீங்க சர்ச்சுப் பக்கம் போனதில்லையோ? சரி, சொல்றேன். புது வருச ஆராதனை முடிஞ்சதும் தட்டு நெறைய அட்டையக் கவுத்து வச்சு நீட்டுவாக. குடும்பத்துக்கு ஒண்ணு எடுக்கணும். ஆசீர்வாதமா ஒரு வசனம் இருக்கும். வருசம் பூராம் அதுதேன் ஆண்டவர் நமக்குக் குடுத்த வாக்கு. கண்ணாடி போட்டு மாட்டுறவுக கூட உண்டு. எங்க வீட்டுல எம் பொண்டாட்டி செல்லக்கிளி எடுத்தா பாருங்க… ஒளிச்சு வச்ச பாவம் உன்னையத் தேடிப் பிடிக்கும்ன்டு! ஆத்தாடி! புது வருசத்துக்குக் குடுக்குற வசனமாண்ணே அது? மோசே என்னைக்கோ யாரையோ அதட்டுனது!

அன்னைக்குப் பிடிச்சது எங்கள வம்பு. வீட்டுக்கு வந்ததும் அவ பாவத்த எல்லாம் சொல்லிட்டா. என்ன பெரிய பாவம்… என் வாட்ச்ச அவ தம்பிக்குக் குடுத்துட்டு, தொலஞ்சு போச்சுன்டு சொன்னது. அதுக்காக நான் பீரோவையே நகட்டிப் போட்டு இடுப்பு பிடிச்சு… சரி விடுங்க, அது வேற கதை. சொல்லி முடிச்சுட்டு, 'இப்ப நீங்க சொல்லுங்க'ங்குறா. என்னத்தச் சொல்ல? பரங்குன்றத்துல நம்பர் பிளேட்டு, கடை போர்டு எழுதுறேன். பீடி கெடையாது, தண்ணி கெடையாது. சுத்தமான மனுசன்ணே நான்.

போதகருகிட்ட ஓடினா. அவருக்கும் ஒரே முழி. 'இந்த வசனத்த நான் குறிச்சுக் குடுக்கலையே'ன்டுட்டாரு. போச்சா! அப்ப ஆண்டவரே நேரா அனுப்புனதுதேன்டு முடிவு பண்ணிட்டா.

மறு ஞாயித்துக்கெழம இன்னொரு கூத்து. சுருளின்டு எங்க சபையில ஒருத்தன். அறுப்புப் பண்டிகைக்குக் காய்கறிய ஏலம் விடுவாக. போன வருசம் ஒரு பூசணிக்காய நான் கேக்கக் கேக்க, அவனும் கேட்டு வெலைய ஏத்திவிட்டான். உச்சிக்குக் கொண்டுபோயி டக்குன்டு கையக் கட்டிக்கிட்டான்ணே! என் தலையில விழுந்துச்சு. சபையே சிரிச்சுச்சு. பூசணிக்காய்ச் சாம்பாரு, பூசணிக்காய்க் கூட்டு… அதுல இருந்து எனக்கு அந்த வாசமே ஆகாது. அந்தச் சுருளி அட்டை சேதியக் கேள்விப்பட்டு, அந்த ஞாயித்துக்கெழம எந்திரிச்சு, எல்லார் முன்னாடியும் ஓன்டு அழுகுறான். 'அந்த அட்டை எனக்கு வந்தது, பூசணிக்காய்ப் பாவம் என்னையத் தேடிப் பிடிச்சிருச்சு'ங்குறான். சபை உருகிப் போச்சு. நானும் கட்டிப்பிடிச்சு மன்னிக்க வேண்டியதாப் போச்சு. வயித்தெரிச்சல்ணே!

'அவருதேன் மனுசன்'ன்டா செல்லக்கிளி. வீட்டுக்கு வந்து ஆகான் கதையத் தூக்குனா. ஆகான்டு ஒருத்தன், கொள்ளையில கெடச்சத அமுக்கிக் கூடாரத்துக்குள்ள பொதச்சு வச்சான். அவன் ஒருத்தனால ஊர்ப்பட்ட சனமும் சண்டையில தோத்துச்சு. கடைசியில குடும்பத்தோட கல்லடி. 'நீங்க பொதச்சு வச்சதுக்கு எம் பிள்ளைக கல்லடி படணுமா'ன்டு பெட்டியக் கட்டிட்டா. நானும் விடல. அப்பன் பாவம் பிள்ளையச் சேராதுன்டும் அதே வேதத்துலதான இருக்குன்டேன். 'அப்பப் பாவம் இருக்குன்டு ஒத்துக்கிறீகளா'ங்குறா! வாயத் தொறந்தா வம்பு.

என்ன, சுருளிக்கு வந்த அட்டை எப்பிடி இவ கைக்கு வந்துச்சுங்குறீகளா? அது வந்து… அட்டை எழுதுறதும் தட்டு நீட்டுறதும் வருசா வருசம் நாந்தேன். கையெழுத்து நல்லாருக்கும்ல. ஏலத்துல இருந்து ஆண்டவர் அவனக் கேப்பாரு கேப்பாருன்டு பாத்தேன். கேக்கல. கிறிஸ்மஸே வந்துருச்சு, அப்பவும் கேக்கல. அவரும் எம்புட்டத்தேன் பாப்பாரு? நாமளும் ஒரு கை குடுக்கணும்ல. எல்லாத்தையும் ஆசீர்வாதமா எழுதிட்டு, ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்பிடி எழுதி, தட்டு ஓரத்துல வச்சு அவன் கைக்கு நேரா நீட்டுனேன். வெரலு பட்டுருச்சுண்ணே! அந்நேரம் பாத்து, பின்னாடி செல்லக்கிளி நிக்கவும், 'அக்கா, நீங்க மொதல்ல எடுங்க'ன்டு ஒதுங்கிட்டான். என்னைக்கும் இல்லாத மரியாத! எனக்கு ஆத்திரம் வருமா வராதா?

இல்லண்ணே, எழுத்து என்னோடதுன்டு அவளுக்குத் தெரியும். என் கையப் பிடிச்சு ஆண்டவரே எழுத வச்சுட்டாராம்! உண்மையச் சொன்னா, வசனத்த வச்சு வஞ்சம் தீத்தவன்டு சாகுற வரைக்கும் குத்துவா. சொல்லாட்டி வரமாட்டா. வீடு வீடா இல்லண்ணே. எஸ்.டி.டி. பூத்துல இருந்து கூப்பிட்டா, சின்ன மக, 'அப்பா, சொல்லிருங்கப்பா, நாங்க வந்துருவோம்'ங்குது. போன வச்சுட்டு ரோட்டுலயே உக்காந்து அழுதேன்.

அதேன் யோசிச்சு, இந்தா… இன்னொரு அட்டை எழுதிருக்கேன். இடது கையால. புருசனுக்கு அடங்கி நடன்டு. இதுவும் வேதத்துல இருக்கிறதுதேன், நான் ஒண்ணும் பொய் எழுதல. நீங்க வெள்ளச் சட்ட போட்டு ஊழியக்காரர் மாதிரியே இருக்கீக. வந்து வாசல்ல நின்டு, 'ஆண்டவர் குடுக்கச் சொன்னாரு'ன்டு ஒரு வார்த்த… பிடிங்க, சும்மா படிச்சுப் பாருங்க…

எங்கண்ணே எந்திரிக்கிறீக? இன்னும் ஊரு வரலையே! இது வெறும் வயக்காடுண்ணே, வீடு வாசல் ஒண்ணுமே இல்ல… அண்ணே! அட்டையக் குடுத்துட்டுப் போங்கண்ணே! கண்டக்டரு, ஒரு நிமிசம், அந்த ஆளு… போலாம்னா என்ன போலாம்?

நான் இப்ப வெறுங்கையோடயா அவ முன்னாடி போயி நிக்கிறது?