சமையலறைப் புனல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை பகல் தபாலில் கிடைத்தது. கையெழுத்து நன்றாகத் தேறியிருக்கிறது. முன்பெல்லாம் உங்கள் வரிகள் வலது பக்கம் போகப்போக மாடிப்படி ஏறும். இப்போது கோடு போட்ட தாள் வாங்கிவிட்டீர்கள் என்று தெரிகிறது. மகிழ்ச்சி.

கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, உங்கள் பெட்ரோல் காருக்குள் மூன்று தடவை டீசல் போனது எப்படி. இரண்டு, டீசல் பங்க் குழாயின் மூக்கு பருமனானது, உங்கள் கார் டேங்க்கின் வாய்க்குள் அது நுழையவே நுழையாது என்று உங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறாரே, உண்மையா. மூன்று, இதைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா. பஸ் பணிமனையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். கேட்டு வந்த சீட்டுக்குப் பதில் எழுதாமல் விட்டது கிடையாது.

இரண்டாவது கேள்வி சுலபம், அதிலிருந்து தொடங்குகிறேன். மெக்கானிக் சொன்னது சரி. கெட்டிக்காரர். குழாய் நுழையாது. புனல் வேண்டும்.

எங்கள் சமையலறையில் எண்ணெய் ஊற்ற வைத்திருந்த அலுமினியப் புனல் உங்களுக்கு நினைவிருக்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். அதன் மூக்கு உங்கள் கார் டேங்க்கின் வாய்க்கு அளவெடுத்துச் செய்தது போல உட்காரும்.

முதல் தடவை நடந்தது பிரியத்தில் நேர்ந்த பிழை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நான்கு நாள் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள், என் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், என் பேத்தி வாலு ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். (செருப்பை ஒளித்துவைத்தது நான். அது வேறு விஷயம்.) போகிற பிள்ளைகளுக்கு வழியில் குறையில்லாமல் இருக்கட்டும் என்று என் ஸ்கூட்டருக்கு வைத்திருந்த பெட்ரோலை உங்கள் டேங்க்கில் ஊற்றப் போனேன். கொட்டகையில் இரண்டு கேன்கள். ஒன்றில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல், இன்னொன்றில் ஜெனரேட்டருக்கு டீசல். முதல் நாள் இரண்டையும் துடைத்தபோது மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். மூடியைப் பார்த்தேன், கேனைப் பார்க்கவில்லை. ஐந்து லிட்டர்.

கார் தையல் கடையைத் தாண்டியது, இருமியது, வெள்ளையாகப் புகை விட்டது, நின்றது. நான் ஓடிவந்து டேங்க் மூடியில் இருந்த ஈரத்தை விரலில் தேய்த்துப் பார்த்தேன். பெட்ரோல் என்றால் ஜில்லென்று பறந்துவிடும். இது வழுவழுவென்று விரலிலேயே இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக் கொடுக்காத கை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீங்களே சொன்னீர்கள்.

"பங்க்காரன் டீசலைக் கலந்து ஊத்திட்டான் மாமா. நேத்து சாயங்காலம் போட்டேன்ல, அங்கதான்."

"இருக்கும் மாப்ள" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அதன் பிறகு எல்லாம் தானாக நடந்தது.

சாவியைத் திருப்பக் கூடாது, திருப்பத் திருப்ப டீசல் என்ஜின் வரைக்கும் போய்விடும் என்று சொன்னதும் நான்தான். எனவே தள்ளினோம். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் வந்து தோள் கொடுத்தார். "என்ன சார், மாப்பிள்ளைய வழியனுப்பிட்டு மறுபடியும் வீட்டுக்கே தள்ளிட்டு வர்றீங்க? பாசம்னா இப்படியா?" என்றார். என் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துச் சிரித்து வண்டியைச் சாக்கடைப் பக்கமே கொண்டுபோனாள். வாலு பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "தாத்தா ஸ்லோ, அப்பா ஸ்லோ, டெய்லர் மட்டும் ஃபாஸ்ட்" என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் உங்கள் அத்தை கரண்டியோடு நின்றாள். "போய் அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள பசிச்சிடுச்சா?"

பிறகு அந்த மூன்று நாள். மாப்பிள்ளை, நீங்கள் அதை மறந்திருக்க முடியாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டேங்க்கைக் காலி செய்தீர்கள். டீசல் கலந்த பெட்ரோல் வாளி வாளியாக வந்தது. இரண்டு லிட்டர் நல்ல பெட்ரோல் ஊற்றி அலசினோம், அதையும் வடித்தோம். குழாயில் ஊதினீர்கள், வாய்க்குள் போய்விட்டது, தெருவே கேட்கும்படி துப்பினீர்கள். என் மகள் பிளக் நான்கையும் கழற்றி உங்கள் புதுச் சட்டையாலேயே துடைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் "ஆமாங்க", "சரிங்க" தவிர நீங்கள் அதிகம் பேசியதில்லை. அன்று ஒரு பகலில் மட்டும் "மாமா பிடிங்க, மாமா விடுங்க, ஐயோ மாமா மூஞ்சில ஊத்துது" என்று நாற்பத்தாறு மாமா. எண்ணி வைத்திருக்கிறேன்.

உண்மையில் அது நான்கு மணி நேர வேலை. ஃபில்டர் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அது என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.

மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினீர்கள். முதல் திருப்பலுக்குச் சத்தம் மட்டும். இரண்டாவதுக்கு ஒரு தும்மல். மூன்றாவதுக்கு என்ஜின் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்க வெள்ளைப் புகை. "கொசுவுக்கு மருந்தடிக்கிறவன் நம்ம தெருவுக்கும் வந்துட்டான்யா" என்று புகைக்குள்ளிருந்து தையல்காரர் குரல் கேட்டது. நீங்கள் இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். அறுபத்தொரு வயதில் என் இரண்டு காலும் தரையில் இல்லை. தலை கிறுகிறுத்தது. இறக்கிவிட்ட பிறகும் எனக்கு அது நிற்கவில்லை. இந்த வரியை எழுதும்போதும் நிற்கவில்லை.

மறுநாள் போய்விட்டீர்கள். அன்று பகல் சாப்பாட்டில் நானும் உங்கள் அத்தையும் பேசிக்கொண்ட வார்த்தைகள் இரண்டு. "உப்பு." "போதும்."

இரண்டாவது தடவை பிழை இல்லை. நான் பொய் எழுத மாட்டேன். ஐந்து மாதம் கழித்து வந்தீர்கள், கிளம்பும் காலையில் ஊற்றினேன். மூன்று லிட்டரே போதும் என்று இதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். மறுபடியும் வாளி, மறுபடியும் பிளக், மறுபடியும் அந்தப் புகை. ஆனால் இம்முறை பங்க்காரன்மேல் பழி போகவில்லை. "பெட்ரோல் வண்டிக்கு ரெண்டு தடவ டீசல் ஊத்தின ஒரே ஆளு உலகத்துல இவருதான்" என்றாள் என் மகள். "சத்தியமா பெட்ரோல்னுதான் சொன்னேன்" என்று நீங்கள் தலையில் கைவைத்தீர்கள். "அப்ப வண்டி தானாப் போய்க் குடிச்சிட்டு வந்துச்சா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். கலகலப்பான வீட்டில் கேலிக்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் மிகவும் பொருத்தமாக இருந்தீர்கள்.

உங்கள் அத்தைக்கு மட்டும் ஒரு சிறு வருத்தம். "என் புனலை யாரு எடுத்தது? எத்தனை தடவ கழுவினாலும் வாடை போகல."

"துருப்பிடிச்சிருக்கும்" என்றேன்.

"அலுமினியமா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சமையலறைக்கு ஒரு பிளாஸ்டிக் புனல் வாங்கினாள். பழையதைக் கொட்டகையில், டீசல் கேனுக்கு நேர் மேலே, ஓர் ஆணியில் மாட்டினாள். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு தெளிவாக எதற்கும் சம்மதம் சொன்னதில்லை.

மூன்றாவது தடவைதான் உங்களை வருத்தியிருக்கிறது என்று தெரிகிறது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் படித்து என் மகள் வாங்கிய வேலை. காலை பதினொரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கையெழுத்திட்டால் மூன்று பேரும் கடல் தாண்டிப் போவீர்கள். அந்த அலுவலகம் எங்கள் ஊரிலிருந்து பக்கம் என்று முதல் நாளே வந்து எங்களோடு தங்கினீர்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்தத் தடவை அளவு முக்கியம். அதிகம் ஊற்றினால் தெருமுனையிலேயே நிற்கும், வேறு வண்டி பிடித்துப் போய்விடுவீர்கள். குறைத்து ஊற்றினால் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும். என் ஸ்கூட்டரில் நான்கு வாரம் கலந்து கலந்து ஓட்டிப் பார்த்தேன், பாவம் அது. ஊரும் இல்லாமல் நிழலும் இல்லாமல் ஒரு நீளமான இடம் அந்த வழியில் உண்டு. அதன் நடுவில் நிற்கும்படி ஊற்றினேன். நின்றது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

நீங்கள் போன் செய்து, நான் ஸ்கூட்டரில் கயிறோடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். என் மகள் மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஃபைல். உங்களிடம் பேசும்போது அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு தடவ தெரியாம நடக்கும். ரெண்டு தடவ நடக்கும். மூணாவது தடவ, இன்னைக்குப் பாத்து? நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதை வாயால சொல்லியிருக்கலாம்." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். இழுவைக் கயிற்றில் முடிச்சு சரியாக விழாவிட்டால் ஆபத்து.

அன்று நீங்கள் மட்டும் பஸ்ஸில் போனீர்கள். ஏழு மாதம் ஆகிறது. வாலு நான் படித்த பள்ளியிலேயே படிக்கிறாள், இரண்டாவது பெஞ்ச். சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டு. உங்கள் கார் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. அது அன்று மாலையே சரியாகிவிட்டது. மகளிடம் பார்ட்ஸ் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வெளியே போகும்போது நானும் வாலுவும் ஸ்டார்ட் செய்து, புகைக்குக் கைதட்டிவிட்டு, அணைத்துவிடுவோம். வாலு யாரிடமும் சொல்ல மாட்டாள். நல்ல குழந்தை.

ஆக, மூன்றாவது கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன். தெரியும்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். திங்கட்கிழமை ஒரு மணிக்கு, என் மகளையும் வாலுவையும் எதிர்பார்த்து உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புதன்கிழமை சாப்பிடும்போது என் மகளும் சொன்னாள். "அப்பா, அவரு செஞ்சிருக்க மாட்டாருன்னு தோணுது. யாரு செஞ்சிருந்தா என்ன, நான் அவர்கிட்டயே போறேன்." வாலு செருப்பைத் தேட ஓடினாள். உங்கள் அத்தை, "நானும் கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வர்றேன்" என்றாள். நான் உப்பு கேட்டேன். யாரும் எடுத்துத் தரவில்லை.

அன்று பகலிலேயே அத்தை பெட்டி கட்டினாள். ஆணியிலிருந்து அந்தப் பழைய புனலை எடுத்துவந்து, புடவைகளுக்கு நடுவில் வைத்து, மூடிப் பூட்டினாள். அங்கே அவளுக்குப் புனல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சொல்லப்போனால் புதன்கிழமையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை அவர்கள் ஏறப்போகும் ஒன்பது நாற்பது பஸ், முதல் நாள் இரவு எங்கள் பணிமனையில் மூன்றாவது மேடையில்தான் நிற்கும். வாட்ச்மேன் இன்றும் எனக்கு சல்யூட் அடிப்பார். பஸ்ஸுக்கு டீசல். அதில் பெட்ரோல் போனால் பம்ப் உலர்ந்து அரைபட்டுவிடும், காரைப் போல மூன்று நாளில் தீராது. என் கணக்குப்படி எங்கள் தெருவுக்கு எதிரில் நிற்கும். மாற்று பஸ் மூன்று நாளைக்கு இல்லை, பட்டியலைப் பார்த்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு பேர், மாப்பிள்ளை. வெயிலில் நிற்கவிட முடியுமா? தையல்காரரிடம் பெஞ்சும் டம்ளரும் சொல்லிவைத்திருக்கிறேன். "என்ன விசேஷம் சார்?" என்றார். "விருந்தாளிங்க" என்றேன். அந்த பஸ்ஸில் திங்கள்தோறும் ரத்தம் சுத்திகரிக்கப் போகும் ஒருவர் முன் இருக்கையில் வருவாராம். அவருக்குக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுக்கை போட்டிருக்கிறேன்.

நீங்களும் வந்துவிடுங்கள். பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்க எனக்கு உங்களைவிட்டால் யார்? பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து ஏமாற வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை மாலை, தபால்காரர் தபால் பெட்டியைத் திறந்து எடுத்துப்போன பிறகு போடுகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கைக்கு வரும்.

யாரையும் போகவிடாமல் பிடித்துவைக்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: அத்தை புனலை எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று யோசிப்பீர்கள். பஸ் டேங்க்கின் வாய் பெரியது. புனல் தேவைப்படாது.