வலிக்காத புண்

"ஹலோ... ம், சொல்லுடா. பேஷண்ட் நாற்காலியிலதான் இருக்கார். வாயில பஞ்சை வச்சுட்டுத்தான் வந்தேன், எங்கயும் ஓட மாட்டார்... வாய்ப்புண்ணா? அதுக்கா இவ்வளவு அவசரமா கூப்பிட்ட?"

சித்தி மகன். வயது இருபத்து மூன்று. வீட்டில் ஒருத்தி பல் டாக்டரானதே தனக்கு ஓசியில் மாத்திரை சொல்லத்தான் என்று நம்புகிறவன். அவளுக்கும் அதில் பெரிய மாற்றுக் கருத்து இல்லை.

"மருந்துக்கடைக்காரர் வைட்டமின் குடுத்தாரா... சூடுன்னாரா... ஆமா ஆமா, அவருக்கு எல்லாமே சூடுதான். எத்தனை நாளா?... என்னது?"

கையுறையைக் கழற்றினாள்.

"ரெண்டு மாசமா, நாக்கு ஓரத்துல ஒரே இடத்துலயா?... சிகரெட்டு, பாக்கு, புகையிலை? உண்மையைச் சொல்லு, சித்திகிட்ட போட்டுக் குடுக்க மாட்டேன்... ஒண்ணுமே இல்லையா? சரி உத்தமனே. கையைக் கழுவிட்டு கண்ணாடி முன்னாடி நில்லு. கைக்குட்டையால நாக்கைப் பிடிச்சு ஒரு பக்கமா இழு... பேசாத! 'ம்' மட்டும் கொட்டு. புண்ணோட ஓரத்தை விரலால அமுக்கு. மெத்துன்னு இருக்கா?... இல்லையா... அழி ரப்பர் மாதிரியா?... வலிக்குதா?"

நாக்கை விட்டுவிட்டுப் பதில் சொன்னான், பரீட்சையில் தேறியவன்போல.

"...வலிக்கவே இல்லையா."

சாதாரணப் புண் வலிக்கும், கத்தும், இரண்டு வாரத்தில் ஆறிப்போகும். கெட்டியாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் புண்தான் பயம். இந்த வயதில் புற்றுநோயா என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போவதுதான் அதற்கு வசதி.

"தாடைக்குக் கீழ தடவிப் பாரு... உருண்டையா ஏதாவது?... ம்... நகரலையா... ம்."

"இல்லப்பா, என் குரல் எப்பவும் போலத்தான் இருக்கு... மாத்திரை பேரு எல்லாம் சொல்ல முடியாது. இன்னிக்கே கிளம்பி வா... மத்தியான ஷிப்ட்டா? லீவு போடு... அடுத்த வாரம் வேணாம்... தெரியும்டா, புது வேலை. பல்லு வலின்னு சொல்லு, எந்த மேனேஜரும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டான்... துளியூண்டு சதை எடுத்து பரிசோதனைக்கு அனுப்பணும், அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி உண்டு. நீ ஊசிக்குக் கட்டிலுக்கடியில ஒளிஞ்ச வீரன்னு எனக்குத் தெரியாதா..."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த இடத்தில் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"...வரும்போது சித்தியையும் கூட்டிட்டு வா."

அம்மா எதுக்கு என்று கேட்டான்.

"சும்மாதாண்டா. பாத்து நாளாச்சுல்ல... ஆமா, நீ சின்னப் பிள்ளை இல்ல, ஒத்துக்கறேன்... ஹலோ? இருக்கியா?... கண்ணா, நான் இன்னும் எதுவும் சொல்லலையே. பரிசோதனை முடிவு வந்தாத்தான் எதுவும்... ஹலோ... அம்மாகிட்ட இப்போதைக்கு..."

"...சித்தி?"

இரண்டு கையும் நாக்கில் இருந்தவன் ஃபோனை ஸ்பீக்கரில்தான் போட்டிருக்க வேண்டும். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எப்ப இருந்து கேட்டுட்டு இருக்கீங்க?... இல்ல சித்தி, அது வந்து... ஆமா... ஆமா, இன்னிக்கேதான்... என்னது, செருப்பு மாட்டிட்டீங்களா?... சரி. சரி சித்தி. பஸ்ஸுக்கு நிக்காதீங்க, ஏதாவது வண்டி பிடிச்சு—"

அவள் சொல்லி முடிப்பதற்குள் சித்தி ஃபோனை வைத்துவிட்டாள்.