பரீட்சைத் தோள்

– பரீட்சை நோயாளி லிஸ்ட்ல இருந்து கறுப்பையாண்ணன் பேரை வெட்டுங்க, பாரூக் சேர். இப்பவே.

– கொஞ்சம் ஒக்காருங்க, அனுஷியா மிஸ். கூட்டம் தொடங்க இன்னம் பத்து நிமிசம் ஈக்கி. கண்டியில ஈக்கிற பிசியோதெரபி டீச்சர்மார் எல்லாரும் வாற நேரம். இதென்ன சத்தம்?

– வரட்டும், நல்லா கேக்கட்டும். மார்க்கட்ல மூட்ட எறக்குற மனுசன். விழுந்து தோள் எலும்பு ஒடஞ்சு, கட்டு அவுத்து ஆறு மாசமாச்சு. கை இன்னும் காது மட்டத்துக்கு வரல. நேத்துத்தான் எங்கிட்ட வந்தாரு. கார்டை எடுத்துப் பாத்தா வைத்தியமே நடக்கல. 'பரீட்சை நோயாளி, தொடக் கூடாது'ன்னு உங்க கையெழுத்து.

– நான் செகட்ரி மிஸ். எங்கட குழு போட்ட சட்டத்தத்தான் எழுதினேன். பரீட்சைக்கு முந்தின ஆறு கெழமை வைத்தியம் செய்யப்படாது. தோள் லேசாகிப் போனா புள்ளைகள் என்னத்தச் சோதிக்கிற?

– ஆறு கெழமையா? நாலு காலேஜுக்கும் ஒரே லிஸ்ட். ஒருத்தங்க பரீட்சை முடிய அடுத்தவங்க புடிச்சுக்கிறீங்க. நாலாறு இருபத்திநாலு வாரம். மனுசன் தோளைப் பூட்டிச் சாவிய ஆளுக்கு ஆள் கைமாத்தியிருக்கீங்க. வெக்கமா இல்ல?

– வல்லாஹி, சத்தியமா அத ஒருத்தரும் கணக்குப் பாக்கல்ல.

– கட்டு அவுத்ததும் அசைக்கணும்னு வகுப்புல தொண்ட கிழியக் கத்துறது நாமதானே? எந்த அறிவுகெட்ட ஆளு இந்தச் சட்டத்தக் கொண்டு வந்துச்சு? பேரச் சொல்லுங்க. இன்னைக்கிக் கூட்டத்துல எழுப்பி வச்சுக் கேக்குறேன்.

– வேணாம் மிஸ்.

– பேரு.

– இந்தா, கூட்டக் குறிப்பு எழுதின கொப்பியைப் பாருங்க. போன வருசம், மே மாசக் கூட்டம். முன்மொழிஞ்சது அனுஷியா. வழிமொழிஞ்சது நான்.

– நான் கேட்டது ஒரே ஒரு நாள். காலையில வேறொரு நோயாளிக்கு வைத்தியம் செஞ்சு தோள் எளகிப் போயி, பகல் பரீட்சையில கோளாறு புடிபடாம எம் புள்ளைங்க ரெண்டு பேரு பெயில். அதுக்காக, பரீட்சை அன்னைக்கி மட்டும்னு சொன்னேன்.

– ஒரு நாள் பத்தாதுன்னு தலைவர் ஆறு கெழமையாக்கினார். அதுக்கும் நீங்க கைய ஒசத்தினீங்க. நானும்தான்.

– டீச்சர், உள்ள வரலாமுங்களா? வெளிய பெஞ்சுல இருந்தேன். எம் பேரு காதுல விழுந்துச்சு.

– வாங்க, கறுப்பையாண்ணே.

– என்னால சண்டை வேணாங்க. அந்தப் புள்ளைங்க மேலயும் குத்தமில்ல. ஒவ்வொரு வாட்டியும் வரிசையா வந்து கையத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சுங்க. வலி உசிரு போகும், பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். அதுதான் வைத்தியம்னு நெனச்சேன், டீச்சர்.