இடது தொடையின் அலை

"ஹலோ… ஹலோ, சார்? ஆமா ஆமா, நரம்புப் பரிசோதனை ரூம்லேர்ந்துதான்… இல்ல சார், இன்னும் முதல் பேஷன்ட்டையே உள்ளே கூப்பிடல. மிஷின் சண்டித்தனம் பண்ணுது."

நரம்புக்குள் மின்சாரம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பதினொரு வருடமாக அளந்து சொல்பவள் அவள். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் ஒட்டிய ஒயரைப் பிய்க்காமலே டாக்டரிடம் பேசினாள்.

"புது ஒயர் வந்துச்சுல்ல? என் இடது தொடையிலேயே ஒட்டிப் பார்த்தேன். தொடை மடிப்புல ஷாக் கொடுத்தா முன்சதை துள்ளணும்ல… துள்ளவே இல்ல. திரையில அலை எழும்பவே மாட்டேங்குது… உயரம் ஒண்ணேகால்… ஆமா சார், ஒண்ணேகால்தான்… கூட்டிக் கொடுத்தேனே! கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒயரே டுபாக்கூர். கம்பெனிக்காரனை ஒரு பிடி பிடிக்கணும்… வேற ஆளுக்கா? இருங்க."

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடிப் படுக்க வைத்தாள். சிறிது நேரத்தில் அக்கா ஐயோ என்று அலறியது வராந்தாவரை கேட்டது.

"சார், இருக்கீங்களா? அக்காவுக்கு ஒம்பது. காலு கட்டிலை விட்டே எகிறிடுச்சு. என்னைத் திட்டிக்கிட்டே போறாங்க!"

சிரித்தாள். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"சார்? … ம்… அதே ஒயர்தான்… ம்… மாடிப்படியா? போன வாரம் ரெண்டு தடவை முட்டி மடங்கிச்சு. அது செருப்பு வழுக்கி… வலியா? படுத்தா தொடையைப் பிச்சு எடுக்குது. நாள் பூரா நிக்கிறேன்ல… எடையா? குறைஞ்சிருக்கு. எல்லாரும் இப்பதான் அழகா இருக்கேன்னு… டேப்பா? இங்கதான் இருக்கு… வலது தொடை சுத்தளவு நாப்பத்தாறு சென்டி. இடது… இருங்க, திரும்பப் பார்க்கறேன்… நாப்பத்திரெண்டு."

…

"வயித்து ஸ்கேனா? இன்னிக்கேவா? கோளாறு கால்ல, வயித்துக்கு எதுக்கு…"

கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டாள். தொடைக்கு வரும் நரம்பு அடிவயிற்றின் ஆழத்திலிருந்துதான் இறங்கி வருகிறது. அங்கே ஏதாவது கட்டி நரம்பை அழுத்தினால், தொடை இளைத்து அலை இப்படித்தான் படுத்துவிடும். எத்தனையோ பேருக்கு அவளே படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

"இல்ல சார், பயப்படலை… ஆனா 'அம்மா'ன்னு கூப்பிடுறீங்களே. பதினொரு வருஷத்துல நீங்க திட்டாம பேசுறது இதான் முதல் தடவை… ம்… ம்… சரி. நடக்கல. சக்கர நாற்காலி வர்ற வரைக்கும் எழுந்திரிக்கல… வீட்டுக்கு இப்ப சொல்ல வேணாம் சார், கொஞ்சம் பொறுங்க… வெளிய மூணு பேர் உட்கார்ந்திருக்காங்களே, அவங்ககிட்ட என்ன சொல்ல? …"

டேப்பைச் சுருட்டித் தலையணையோரம் வைத்தாள்.

"சரி சார். மிஷின் ரிப்பேர்னே சொல்லிடுறேன்."

தொடர்பு அறுந்தது.